சிரித்தவர் யாரைக் கண்டு சிரித்தார்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

சிரிப்பு ஒரு மருந்து என்று சொல்லாத பேச்சாளர் இல்லை. மருந்து என்றால் அதற்கு அளவு உண்டு. யாருக்குக் கொடுக்கிறோம் என்ற கணக்கும் உண்டு. ஒருவருக்கு நலம் தருவது இன்னொருவருக்கு நஞ்சாகிவிடும் என்பதை மருத்துவர் அறிவார். நகைச்சுவை எழுதுவோர் இதை அறிந்திருக்கிறார்களா? மேடையில் ஒருவன் ஒரு கூட்டத்தாரை இழித்துப் பேசுகிறான், அரங்கம் சிரிக்கிறது. அந்த அரங்கம் இழித்துப் பேசியவனைக் கண்டு சிரித்ததா, இழிக்கப்பட்டவரைக் கண்டு சிரித்ததா? இரண்டு சிரிப்புக்கும் ஓசை ஒன்றுதானே!

இந்தக் கேள்வியை ஒரு நாடு முழுவதும் ஆண்டுக்கணக்கில் விவாதித்திருக்கிறது. அந்த நாடு பிரிட்டன். விவாதத்திற்குக் காரணமாக இருந்தது அரசியல் கட்சியோ போரோ அன்று. அரை மணி நேரத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்று. அதன் பெயர் 'டில் டெத் அஸ் டூ பார்ட்'. 'சாவு நம்மைப் பிரிக்கும் வரையில்' என்பது பொருள். கிறித்தவத் திருமணத்தில் மணமக்கள் சொல்லும் உறுதிமொழியில் வரும் தொடர் அது. இனிய இல்லறத்தைப் பற்றிய கதை என்று எண்ணி யாரேனும் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தால், முதல் ஐந்து நிமிடத்திலேயே திடுக்கிட்டிருப்பார்கள்.

ஒரு வீடு, நான்கு பேர்

1965 ஜூலையில் பி.பி.சி.யின் 'காமெடி பிளேஹவுஸ்' வரிசையில் ஒற்றை நாடகமாக இது முதலில் வந்தது. 1966 ஜூனில் தொடராயிற்று. எழுதியவர் ஜானி ஸ்பைட். கிழக்கு இலண்டனில் கேனிங் டவுன் பகுதியில் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். மாளிகைகளையும் தேநீர் விருந்துகளையும் எழுதாமல், தாம் அறிந்த தெருவையே எழுதினார்.

கதைக்களம் இலண்டன் வாப்பிங் பகுதியில் ஒரு சிறிய வரிசை வீடு. குடும்பத் தலைவர் ஆல்ஃப் கார்னெட். நடித்தவர் வாரன் மிட்செல். ஏழைத் தொழிலாளி. ஆனாலும் தொழிற்கட்சியைக் கண்டால் ஆகாது. அரச குடும்பத்தின் மீது அளவற்ற பக்தி. கறுப்பர், ஆசியர், யூதர், அயர்லாந்துக்காரர், கத்தோலிக்கர் ஆகிய எல்லோர் மீதும் வெறுப்பு. வாய் திறந்தால் வசைமொழி. மனைவி எல்ஸ், நடித்தவர் டேண்டி நிக்கோல்ஸ். கணவரின் கூச்சலுக்கு நடுவே உணர்ச்சியற்ற முகத்தோடு உட்கார்ந்திருந்து, எதிர்பாராத நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லி அவரைக் கவிழ்த்துவிடும் பெண்மணி. மகள் ரீட்டாவாக யூனா ஸ்டப்ஸ். மருமகன் மைக்காக ஆண்டனி பூத். மைக் லிவர்பூல் இளைஞன், சோஷலிசம் பேசுபவன், பெரும்பாலும் வேலையற்றவன். மாமனார் வீட்டில் உண்டு உறங்குபவன்.

இந்த நால்வரும் ஒரு சிறிய அறைக்குள் அடைபட்டு, விடியும் வரையில் சண்டையிடுவார்கள். கதை அவ்வளவுதான். அந்த வீட்டில் அன்பான ஒரு சொல்லைக் கேட்பது அரிது. வறுமை, சலிப்பு, கசந்துபோன திருமணம், மாறிவரும் உலகைக் கண்டு ஒரு மனிதனுக்கு உண்டாகும் அச்சம் ஆகியவையே நகைச்சுவைக்கு மூலப்பொருள். இருண்ட நகைச்சுவை என்று இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் உச்சத்தில் இருந்தபோது ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இதைப் பார்த்தார்கள். அன்று பிரிட்டனில் இருந்தவை மூன்றே அலைவரிசைகள். ஆகவே மறுநாள் காலையில் தொழிற்சாலையிலும் பேருந்திலும் அலுவலகத்திலும் இதே பேச்சாக இருந்தது. பேச்சு ஒன்று; கருத்தோ பல.

சொற்களை எண்ணியவர்கள்

முதல் சாரார் இத்தொடர் ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்றார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் மேரி வைட்ஹவுஸ் என்னும் பள்ளி ஆசிரியை. தொலைக்காட்சியைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்று 1964இல் இயக்கம் தொடங்கியவர். 1965இல் நேயர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கத்தையே அமைத்தவர். ஆல்ஃபின் வசைமொழிகளும், மதத்தைப் பற்றிய துடுக்கான பேச்சுகளும் அவரைக் கொதிக்க வைத்தன. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் இப்படியா என்று கேட்டார்.

ஸ்பைட் சும்மா இருப்பாரா? 1967 பிப்ரவரியில் ஒளிபரப்பான ஒரு பகுதியில் வைட்ஹவுஸின் புத்தகத்தை ஆல்ஃப் கையில் கொடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் அவர் மெச்சுவதாகக் காட்டினார். அந்தப் பகுதியின் முடிவில் புத்தகம் நெருப்புக்கு இரையாகிறது. எதிரியை வசைபாடாமல், தம் கதாபாத்திரத்தையே எதிரிக்கு ரசிகனாக்கிவிட்டார்! அதோடு நில்லாமல், வானொலிப் பேட்டி ஒன்றில் வைட்ஹவுஸின் சங்கத்தாரைப் பாசிசத்தோடு இணைத்துப் பேச, அது நீதிமன்றம் வரை சென்று, அவர்கள் மன்னிப்பும் இழப்பீடும் பெற்றார்கள்.

வைட்ஹவுஸின் பக்கத்தில் நியாயம் சிறிதும் இல்லை என்று நான் சொல்லவில்லை. பொதுவில் பேசத்தக்க மொழி என்று ஒன்று உண்டுதான். ஆனால் ஆல்ஃப் பேசியவற்றில் மிகக் கொடியது எது? கெட்ட வார்த்தையா? பக்கத்துத் தெருவில் குடியேறிய மனிதனை மனிதனாகவே மதிக்காத அந்தப் பேச்சா? கெட்ட வார்த்தைகள் அத்தனையையும் நீக்கிவிட்டு, அதே வெறுப்பைத் தூய ஆங்கிலத்தில் ஆல்ஃப் பேசியிருந்தால் இந்தச் சாராரின் புகாரில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும். நோயாளியின் சட்டையில் கறை இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு, நோயைக் கவனிக்காமல் விட்ட கதைதான் இது.

எழுதியவரின் வாதம்

இரண்டாவது சாரார் தொடரைப் போற்றியவர்கள். வெறுப்பை மூடி மறைத்தால் அது புழுங்கும். வெளியே இழுத்துப்போட்டு எல்லோரும் சிரிக்கும்படி செய்தால் அது வெட்கப்பட்டு ஒடுங்கும் என்பது அவர்கள் வாதம். ஆல்ஃப் ஒவ்வொரு வாதத்திலும் தோற்கிறார். அவர் சொல்லும் புள்ளிவிவரம் பொய், வரலாறு தவறு, மனைவியிடமே வாயடைத்துப் போகிறார். இப்படிப்பட்ட மூடரோடு யார் சேருவார்கள் என்று கேட்டார்கள்.

ஸ்பைட் இடதுசாரி எண்ணம் உடையவர். வாரன் மிட்செல் யூதர். ஆல்ஃப் வாய் ஓயாமல் இகழ்கின்ற இனங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர். ஆல்ஃப் வெஸ்ட் ஹாம் கால்பந்தணியின் பக்தர். மிட்செலோ டாட்டன்ஹாம் அணியின் ரசிகர். பாத்திரத்திற்கும் நடிகருக்கும் எதிலும் ஒட்டில்லை! எனவே இவர்களின் நோக்கத்தைச் சந்தேகிக்க இடமே இல்லை.

ஆனால் மிட்செலே பலமுறை சொல்லிய ஓர் அனுபவம் உண்டு. தெருவில் ஒருவர் அவரை நிறுத்தி, வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களை நீங்கள் வாங்கு வாங்கென்று வாங்குகிறீர்களே, அருமை என்று பாராட்டினாராம். நாங்கள் வாங்குவது உங்களைப் போன்றவர்களைத்தான் என்று மிட்செல் பதில் கொடுத்தாராம். பதில் சாமர்த்தியமானது, நாமும் கைதட்டலாம். தட்டி முடித்த பிறகு சற்றுச் சிந்திப்போம். மிட்செலைச் சந்தித்து அந்தப் பதிலைக் கேட்கும் வாய்ப்பு அந்த ஒருவருக்குக் கிடைத்தது. சந்திக்காதவர்கள் எத்தனை பேர்? ஆல்ஃப் நம்முடைய ஆள், நாம் சொல்லத் துணியாததை அவர் சொல்கிறார் என்று மகிழ்ந்து, அந்த மகிழ்ச்சியோடு உறங்கச் சென்றவர்கள் எத்தனை பேர்?

அந்தக் காலத்தின் காற்று

இதை அந்த ஆண்டுகளின் நிகழ்ச்சிகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1964 பொதுத் தேர்தலில் ஸ்மெத்திக் தொகுதியில் குடியேறியவர்களுக்கு எதிரான வெறுப்பே பிரசாரமாக நடந்தது. வாடகை வீட்டு விளம்பரங்களில் நிறம் உடையவர்கள் வர வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதப்பட்ட காலம் அது. 1965இல் வந்த இன உறவுச் சட்டம் பொது இடங்களில் பாகுபாட்டைத் தடுத்ததே தவிர, வீட்டையும் வேலையையும் தொடவில்லை. அதற்கு 1968 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே 1968இல் கென்யாவிலிருந்து வந்த ஆசியர்களைத் தடுக்கக் குடியேற்றச் சட்டம் ஒன்று சில நாட்களுக்குள் அவசரமாக நிறைவேற்றப்பட்டது.

1968 ஏப்ரல் 20ஆம் நாள் பர்மிங்காமில் ஈனாக் பவல் என்னும் பழமைக் கட்சித் தலைவர், குடியேற்றத்தால் நாட்டில் இரத்த ஆறு ஓடும் என்ற பொருள்பட உரையாற்றினார். மறுநாளே அவருடைய கட்சித் தலைமை அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. அதற்கடுத்த இரண்டாம் நாள், அதாவது ஏப்ரல் 23ஆம் நாள், பவலுக்கு ஆதரவாக வேலையை விட்டுவிட்டுப் பாராளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் சென்றவர்கள் யார் தெரியுமா? இலண்டன் துறைமுகத் தொழிலாளர்கள்! ஆல்ஃப் கார்னெட்டின் தெருவைச் சேர்ந்தவர்கள். ஜானி ஸ்பைட்டின் தந்தை செய்த தொழிலையே செய்தவர்கள். ஆல்ஃபின் முதல் மூன்று தொடர்வரிசைகள் அவ்வாண்டு பிப்ரவரியில்தான் முடிந்திருந்தன.

அந்த ஊர்வலத்திற்கு இந்தத் தொடர்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது அறிவியல் மாணவன் செய்யத்தகாத பிழையாகும். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. வேலை போய்விடுமோ என்ற அச்சமும், வீட்டுப் பஞ்சமும், அரசியல்வாதிகளின் தூண்டுதலும் உண்மையான காரணங்கள். நான் சொல்வது இவ்வளவே: ஆல்ஃபைக் கண்டு நாடே சிரித்தது, அந்தச் சிரிப்பால் ஆல்ஃப்கள் ஒடுங்கிவிடவில்லை. வெட்கப்பட்டு ஒடுங்குவார்கள் என்ற வாதம் அந்த ஏப்ரல் மாதத்துத் தெருவில் மெய்ப்படவில்லை.

கரைசலும் நிறமும்

இதே தொடரைத் தழுவி அமெரிக்காவில் நார்மன் லியர் என்பவர் 'ஆல் இன் த ஃபேமிலி' என்ற தொடரை உருவாக்கினார். 1971 ஜனவரியில் தொடங்கிய அது ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அந்நாட்டுத் தொலைக்காட்சியில் முதலிடத்தில் நின்றது. ஆல்ஃப் அங்கே ஆர்ச்சி பங்கர் ஆனார். சண்டையும் கூடவே சென்றது. வெறுப்பை வெளுத்துக் காட்டுகிறது என்றனர் சிலர். வெறுப்புக்கு அன்பான முகம் கொடுக்கிறது என்றனர் வேறு சிலர்.

நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்ற இரண்டு அறிஞர்கள் அமெரிக்க மாணவர்களிடமும் கனடா நாட்டு மக்களிடமும் கேள்விகள் கேட்டு, 1974இல் தம் ஆய்வை வெளியிட்டார்கள். இன வெறுப்பு மிகுந்தவர்களும் குறைந்தவர்களும் தொடரை ஏறத்தாழ ஒரே அளவுக்கு ரசித்தார்கள். ஆனால் வெறுப்பு மிகுந்தவர்கள், மற்றவர்களைவிட அதிகமாக ஆர்ச்சியை மெச்சினார்கள். வாதத்தில் அவரே நியாயம் பேசுவதாகக் கருதினார்கள். வெறுப்புக் குறைந்தவர்களுக்கு அதே காட்சி ஆர்ச்சியைக் கேலி செய்வதாகத் தோன்றியது. அவரவர் கொண்டு வந்ததையே அவரவர் எடுத்துச் சென்றார்கள்!

எங்கள் ஆய்வுக்கூடத்தில் லிட்மஸ் கரைசல் இருக்கிறது. அமிலத்தில் விட்டால் சிவக்கும். காரத்தில் விட்டால் நீலமாகும். லிட்மஸ் ஒன்றுதான், நிறத்தைத் தீர்மானிப்பது அது விழும் இடம். பார்வையாளர்கள் ஏன் இப்படிப் பிரிந்து நின்றார்கள் என்பதற்கு இது ஒரு விளக்கம். ஆனால் இந்த உவமையோடு நின்றுவிட்டால் எழுத்தாளர் மிக எளிதில் தப்பிவிடுவார். லிட்மஸ் தான் விழுந்த கரைசலைப் பெரிதாக மாற்றுவதில்லை. நகைச்சுவை அப்படியா? தனியே இருக்கும்போது சொல்லக் கூசும் ஒரு சொல்லை, அரங்கம் சிரித்த பிறகு சொல்லக் கூசுவதில்லை. இத்தொடர் பார்வையாளர்களை முன்னே அமர்த்தி எடுக்கப்பட்டது. அவர்களுடைய சிரிப்பொலி கோடி வீடுகளில் கேட்டது. அந்த ஒலியில் கேலியும் இருந்திருக்கும், உடன்பாடும் இருந்திருக்கும். பிரித்தறியும் வழி வீட்டில் இருந்தவருக்கு இல்லை.

அறையில் இல்லாதவர்

இனி, நான் முக்கியமாகக் கருதும் மூன்றாவது சாராருக்கு வருகிறேன். வைட்ஹவுஸ் ஒரு பக்கம், ஸ்பைட் ஒரு பக்கம் என்று பத்திரிகைகளில் விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, யாரைப் பற்றி ஆல்ஃப் பேசினாரோ அவர்களும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து பேருந்து ஓட்டியவர், பஞ்சாபிலிருந்து வந்து வார்ப்பாலையில் இரவு வேலை செய்தவர், மருத்துவமனையில் தாதியாக இருந்தவர், இவர்களுடைய பிள்ளைகள். திங்கட்கிழமை இரவில் ஆல்ஃப் சொன்ன பட்டப்பெயர், செவ்வாய்க்கிழமை காலையில் பள்ளி மைதானத்தில் அந்தப் பிள்ளையின் மீது வந்து விழுந்தால், எழுதியவரின் நோக்கம் உயர்ந்தது என்று சொல்லி அந்தப் பிள்ளையைத் தேற்ற முடியுமா?

ஆல்ஃபின் வீட்டில் இருந்த நாற்காலிகளை எண்ணிப் பாருங்கள். நான்கு பேருக்கு நான்கு. கறுப்பரைப் பற்றி, ஆசியரைப் பற்றி அந்த அறையில் ஓயாது பேசினார்கள். அவர்களுக்கு அங்கே நிலையான இடம் இல்லை. எப்போதாவது ஒரு பகுதியில் தலைகாட்டிப் போனார்களே தவிர, வாரந்தோறும் இருந்து பதில் சொல்லும் உரிமை பெறவில்லை. அவர்களுக்காக வாதாடியவன் மைக். அவனோ சோம்பேறி, மாமனாரின் உணவைத் தின்றுகொண்டே மாமனாரைப் பழிப்பவன். கூர்மையான வசனங்களும் முழக்கமும் ஆல்ஃபுக்கே கிடைத்தன. மேடையில் யாருக்கு அதிக நேரம், யாருக்கு நல்ல வசனம், யாருக்கு நாற்காலியே இல்லை என்று கணக்கெடுத்தால், சிரிப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். எழுத்தாளரின் உள்ளத்தில் உள்ள நோக்கம் திரையில் தெரிவதில்லை, நாற்காலி தெரிகிறது.

நாற்காலி போட்டுவிட்டால் மட்டும் போதுமா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1969இல் ஸ்பைட் 'கறி அண்ட் சிப்ஸ்' என்ற தொடரை எழுதினார். அதில் பாகிஸ்தானிலிருந்து வந்த தொழிலாளிக்கு முக்கிய வேடம். ஆனால் அந்த வேடத்தில் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நடித்தவர் ஸ்பைக் மில்லிகன் என்ற வெள்ளையர்! நாற்காலி போட்டார்கள், அதில் உரியவரை உட்கார விடவில்லை. கண்டனங்களுக்கிடையே ஆறு பகுதிகளோடு அது நின்றது. 1972 முதல் 1976 வரை வந்த 'லவ் தை நெய்பர்' தொடரில் அடுத்த வீட்டில் கறுப்பினத் தம்பதியை உண்மையாகவே குடிவைத்தார்கள். இரண்டு கணவர்களும் ஒருவரையொருவர் சமமாகத் திட்டிக்கொண்டார்கள். திட்டில் சமம், வாழ்வில் சமமா? வெள்ளையர் திட்டினால் அதன் பின்னால் வீடு கொடுக்க மறுப்பவரும், வேலை கொடுக்க மறுப்பவரும் நின்றார்கள். கறுப்பர் பதிலுக்குத் திட்டியதன் பின்னால் யாரும் இல்லை.

இவற்றோடு வேறு இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் ஆர்ச்சியின் அடுத்த வீட்டுக்காரரான ஜெஃபர்சன் என்னும் கறுப்பினக் குடும்பத்தார் மக்கள் மனத்தில் இடம்பிடித்து, 1975இல் 'த ஜெஃபர்சன்ஸ்' என்ற தனித் தொடரையே பெற்றார்கள். அது பத்தாண்டு ஓடியது. பிரிட்டனிலும் 1985இல் முதியவராகிவிட்ட ஆல்ஃப், 'இன் சிக்னஸ் அண்ட் இன் ஹெல்த்' என்ற தொடரில் மீண்டும் வந்தார். அதில் அவர் வீட்டு வேலைக்கு உதவ நகராட்சி அனுப்பிய ஆள், வின்ஸ்டன் என்ற கறுப்பினத்தவர். நடித்தவர் ஈமன் வாக்கர். ஆல்ஃபின் வசையை வின்ஸ்டன் தலைகுனிந்து வாங்கிக்கொள்ளவில்லை. உடனுக்குடன் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பாத்திரப் படைப்பிலும் குறை கண்டவர்கள் உண்டு. ஆயினும் முதன்முறையாக ஆல்ஃப் யாரைப் பழித்தாரோ அவரே எதிரில் நின்றார். வசைக்கும் பதிலுக்கும் இடையே இருந்த தூரம் குறைந்தது.

படிக்காதவரைக் கண்டு சிரித்தவர்கள்

இன்னும் ஒரு சாரார் மிச்சம் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதாமல் என்னால் விட முடியாது. ஆல்ஃபின் வெறுப்பைக் கண்டு சிரிக்காமல், அவருடைய அறியாமையைக் கண்டு சிரித்த படித்த வர்க்கத்தார். ஆல்ஃப் சொற்களைத் தவறாக உச்சரிப்பார். பெரிய சொல்லைப் பொருள் தெரியாமல் கையாளுவார். துறைமுகத் தெருவில் வாழும் படிப்பில்லாத மனிதர் இப்படித்தான் இருப்பார் என்று நாகரிகமான வரவேற்பறைகளில் உட்கார்ந்தவர்கள் சிரித்தார்கள். இன வெறுப்பு என்பது ஏழைகளின் நோய், நமக்கு அது இல்லை என்று அவர்கள் நிம்மதி அடைந்திருப்பார்கள். குடியேற்றச் சட்டத்தை எழுதியவர்களும், வேலை மறுத்தவர்களும், ஏன், பவலும்கூடப் படித்தவர்கள்தாம். பவல் கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்தவர்!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் நான். வீட்டில் செய்தித்தாளை நான் வாசிப்பேன். என் தந்தையார் கேட்பார். அவர் சொல்லும் சில கருத்துகளோடு எனக்கு உடன்பாடு இல்லை, வாதாடுவேன். ஆனால் அவர் ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னதற்காக நாலு பேர் சிரித்தால் நான் அந்த நாலு பேரோடு சேர மாட்டேன். கருத்து தவறு என்பது வேறு. உச்சரிப்பு தவறு என்பது வேறு. முதலாவதைத் திருத்தலாம். இரண்டாவதைக் கேலி செய்தால், முதலாவதைத் திருத்தும் வாய்ப்பும் போய்விடும். மாமனாரை மைக் ஒருமுறைகூட மாற்ற முடியாமற்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன். அவன் ஆல்ஃபின் கருத்தை மட்டும் வெறுக்கவில்லை, ஆல்ஃபையே இகழ்ந்தான். இகழ்கிறவன் சொல்லும் உண்மையை யார் காதில் வாங்குவார்கள்?

நகைச்சுவைத் தொடரின் அமைப்பும் இதற்குத் துணை போகிறது. இந்த வாரம் ஆல்ஃப் திருந்திவிட்டால் அடுத்த வாரம் கதை இல்லை. ஆகவே ஒவ்வொரு வாரமும் தோற்க வேண்டும். மறுவாரம் ஒன்றும் நடக்காதது போல அதே நாற்காலியில் அதே கூச்சலோடு உட்கார வேண்டும். பார்ப்பவருக்கு அது எந்தப் பாடத்தைப் புகட்டும்? இந்த மனிதர் மாற மாட்டார், இவரைப் பொறுத்துக்கொண்டு சிரிப்பதே வழி என்ற பாடத்தைத்தான். காய்ச்சலை அளக்கும் கருவி காய்ச்சலைக் குறைப்பதில்லை. அளந்து பார்த்துவிட்டு மருந்து கொடுத்துவிட்டதாக எண்ணிக்கொள்வது பெரும் ஆபத்து.

அப்படியானால் தடை செய்திருக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. ஆல்ஃபை ஸ்பைட் படைக்கவில்லை. தெருவில் கண்டதை எடுத்து எழுதினார். பிரிட்டன் தன் முகத்தைத் தானே பார்க்கக் கிடைத்த கண்ணாடி அது. பழைய கறுப்பு வெள்ளைப் பகுதிகள் பலவற்றின் ஒளிநாடாக்கள் அழிக்கப்பட்டு இன்று அவை கிடைக்கவில்லை. ஒரு காலத்தின் வெறுப்பு எப்படி ஒலித்தது, அதற்கு மக்கள் எப்படிச் சிரித்தார்கள் என்பதற்கான சான்றும் அவற்றோடு போய்விட்டது. ஸ்பைட் 1998இல் மறைந்தார். அவருக்குப் பிறகு ஆல்ஃபாக நடிப்பதை மிட்செல் நிறுத்திக்கொண்டார்; அவரும் 2015இல் மறைந்தார். விவாதம் மட்டும் மறையவில்லை. வெறுப்பைக் காட்டி வெறுப்பை ஒழிக்க முடியுமா என்று ஒவ்வொரு புதிய நகைச்சுவைக்கும் அதே கேள்வி எழுகிறது.

என் விடை இது: காட்டலாம். ஆனால் காட்டுகிறவர் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பழிக்கப்படுகிறவருக்கு அந்த அறையில் நாற்காலி உண்டா? அதில் அவரே உட்கார்ந்து, அவர் குரலிலேயே பேசுகிறாரா? சிரிப்பு அடங்கிய பிறகு யார் தலைநிமிர்ந்து வெளியே போகிறார், யார் தலைகுனிந்து போகிறார்? இந்த மூன்றுக்கும் நேர்மையான பதில் இருந்தால் நகைச்சுவை எவ்வளவு கசப்பாக இருந்தாலும் தாழ்வில்லை. பதில் இல்லை என்றால், நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது போதாது.

அன்புத் தோழர்களே! நம் கல்லூரியிலும் ஆண்டு விழா வருகிறது. விடுதி நாள் வருகிறது. நகைச்சுவை நாடகம் எழுதும் நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், திறமைக்குக் குறைவில்லை. கிராமத்திலிருந்து வந்தவரின் பேச்சு, ஒருவரின் நிறம், ஒருவரின் தொழில், ஒரு பெண்ணின் நடை என்று எதை எடுத்தாலும் நம் அரங்கம் சிரிக்கும். அரங்கம் சிரிப்பது எளிது. எழுதி முடித்தபின், நாடகத்தில் யாரைப் பற்றிப் பேசியிருக்கிறோமோ அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பதாக ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அவரும் நம்மோடு சேர்ந்து சிரிப்பார் என்று உங்கள் மனம் சொன்னால் திரையைத் தூக்குங்கள். சொல்லவில்லையென்றால் எழுதுகோலை மீண்டும் கையில் எடுங்கள். இன்னும் ஒரு நாற்காலி போட வேண்டியிருக்கிறது.